ஒரு மேஜை, ஐந்து பேர், ஐந்து விருப்பம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் மாதம் வருகிற சண்டை எதற்காக என்று நினைக்கிறீர்கள்? கரண்ட் பில்லுக்காக இல்லை. எந்த கேம் ஆடுவது, யார் ஆடுவது என்பதற்காகத்தான். தம்பிக்கு கார் ரேஸ் வேண்டும். அக்காவுக்குப் புதிர் வேண்டும். அப்பா சாலிடேர் போதும் என்பார். மவுஸ் ஒன்று, நாற்காலி ஒன்று. கடைசியில் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போவார்.

நான் காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழ், பட்டுக்கடை பில் புக் என்று வண்டி ஓடுகிறது. கடைக்கு வருகிறவர்களில் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "சார், வீட்ல எல்லாரும் சேர்ந்து ஆடற மாதிரி ஒரு கேம் சொல்லுங்க."

நான் சொல்லும் பதில் அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். கம்ப்யூட்டரை மேஜையின் ஓரத்துக்குத் தள்ளி வையுங்கள். மேஜையைச் சுற்றி ஐந்து நாற்காலி போடுங்கள். பேப்பர், பென்சில், பகடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தயார் என்பேன்.

இது என்ன விளையாட்டு?

இதை ரோல்பிளேயிங் கேம் என்கிறார்கள். கதை விளையாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கதை நடத்துவார். அவர்தான் கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். "நீங்கள் கோயில் மதிலுக்குப் பின்னால் நிற்கிறீர்கள். இருட்டு. கிணற்றுக்குள்ளிருந்து சத்தம் வருகிறது. என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்பார். நீங்கள் சொல்ல வேண்டும். இறங்குவேன் என்றால் பகடையை உருட்ட வேண்டும். நல்ல எண் விழுந்தால் இறங்கிவிட்டீர்கள். இல்லாவிட்டால் வழுக்கி விழுந்தீர்கள். நம் வீட்டுத் தாயக்கட்டை போலத்தான், ஆனால் இங்கே பகடைக்கு இருபது முகம் கூட இருக்கும்.

1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்ற இருவர் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இவ்வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது. நீங்கள் கம்ப்யூட்டர் கேம்களில் பார்க்கும் லெவல், ஹிட் பாயின்ட், எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட் எல்லாம் இந்த மேஜையிலிருந்து ஸ்கிரீனுக்குப் போனவை. 1998ல் வந்த பால்டர்ஸ் கேட் என்ற கம்ப்யூட்டர் கேம் இதே விதிகளை வைத்துத்தான் உருவாக்கப்பட்டது. இன்னொரு நல்ல செய்தி. இந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டன. இலவசமாக பிடிஎஃப் ஃபைலாக டவுன்லோட் செய்து படிக்கலாம்.

சரி, கம்ப்யூட்டரை ஓரம் தள்ளிவிட்டால் சண்டை தீர்ந்துவிடுமா? தீராது. மவுஸுக்கு நடந்த சண்டை இப்போது கதைக்கு நடக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் மேஜை

ஞாயிறு மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் ஆடுகிறார்கள். கதை நடத்துவது நான்.

முதலில் என் அக்கா மகன். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சண்டை வேண்டும். பத்து நிமிடம் யாரும் வாள் எடுக்காவிட்டால், "எப்ப மாமா சண்டை?" என்பான். இரண்டாவது, எதிர்வீட்டுப் பெண். கல்லூரி மாணவி. பூட்டிய கதவைப் பார்த்தால் அதைத் திறக்காமல் நகர மாட்டாள். மூன்றாவது, ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். அவருக்கு விதி முக்கியம். "இந்த இடத்தில் கூட்டல் மூன்றா, நான்கா?" என்று பிடிஎஃப் ஃபைலைத் திறக்கச் சொல்வார். இருபது நிமிடம் போய்விடும். நான்காவது, பக்கத்துத் தெரு நெசவாளர். முப்பது வயதுக்குள்தான். கூத்துப் பைத்தியம். ராஜாவாகப் பேசச் சொன்னால் எழுந்து நின்று பேசுவார். ஐந்தாவது, என் மனைவி. "எனக்கு எதுவானாலும் சரி" என்பவள்.

கதை நடந்த இடம் ஒரு கற்பனை நெசவாளர் ஊர். அதன் நடுவில் நம் அய்யங்கார்குளம் நடவாவிக் கிணற்றைப் போல ஒரு கிணறு. பார்த்திருக்கிறீர்களா? படி இறங்கிப் போனால் பூமிக்கு அடியில் தூண்களோடு ஒரு மண்டபம். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் தண்ணீருக்குள் இருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு நீரை இறைத்துவிட்டு வரதராஜப் பெருமாளை எழுந்தருளச் செய்வார்கள். கதை விளையாட்டுக்கு இதைவிட நல்ல இடம் எந்த வெளிநாட்டுப் புத்தகத்திலும் கிடைக்காது.

இடம் நன்றாக இருந்தது. ஆட்டம்தான் நன்றாக இல்லை. ஒருவர் ரசிக்கும்போது நான்கு பேர் கொட்டாவி விட்டார்கள்.

ஓட்டெடுப்பு என்ற தவறு

முதலில் எல்லோரும் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். ஓட்டுப் போட்டுவிடலாம். அடுத்த காட்சி சண்டையா, கிணற்று மண்டபமா, அரசவையா? கை தூக்குங்கள்.

அக்கா மகன் சண்டைக்குத் தூக்குவான். சண்டையில் கணக்கு அதிகம் என்பதால் ஆசிரியரும் தூக்குவார். "பையன் ஆசைப்படறான்" என்று என் மனைவியும் தூக்குவாள். மூன்றுக்கு இரண்டு. ஒவ்வொரு வாரமும் அதே மூன்று, அதே இரண்டு.

ஆட்டம் முடிந்ததும் என்ன நடந்தது என்று ஒரு ஃபைலில் டைப் செய்து வைப்பது என் வழக்கம். ஒரு நாள் அதைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். எட்டு ஞாயிறுகளில் ஏழு சண்டை. மாணவி கதவு திறந்தது இரண்டே முறை. நெசவாளர் நின்று பேசியது ஒரே முறை. நியாயமாக நடத்துகிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஃபைல் வேறு சொன்னது.

ஓட்டெடுப்பு ஊருக்கு நல்லது. ஐந்து பேர் மேஜைக்கு அது ஆகாது என்பது என் கருத்து. தேர்தலில் தோற்றவருக்கு அடுத்த தேர்தல் உண்டு. மேஜையில் ஆட்களும் மாறுவதில்லை, விருப்பமும் மாறுவதில்லை. எனவே தோற்றவர் தோற்றுக்கொண்டே இருப்பார். ஒரு நாள் வராமல் போவார்.

இது புதிய தகராறு அல்ல

இந்தத் தலைவலி செவிலிமேட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. ரிச்சர்ட் பார்ட்டில் என்பவர் 1978ல் தொடங்கிய மட் என்ற எழுத்து வடிவ கம்ப்யூட்டர் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான விளையாட்டு அது. அவர் 1996ல் எழுதிய கட்டுரையில் ஆட்டக்காரர்களை நான்கு வகையாகப் பிரித்தார். சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பழக வருபவர், அடிக்க வருபவர். சீட்டுக்கட்டில் டைமன், ஸ்பேடு, ஹார்ட்டின், கிளாவர் என்று நான்கு ஜாதி இருப்பதைப் போல என்றார். ராபின் லாஸ் என்ற கேம் டிசைனர் 2002ல் கேம் மாஸ்டர்களுக்காக எழுதிய சிறு புத்தகத்தில் மேஜை ஆட்டக்காரர்களை ஏழு வகையாகச் சொன்னார். அதில் ஒரு வகை, கூட்டத்தோடு இருப்பதற்காகவே வந்து உட்காருகிறவர். என் மனைவியை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் சரியாக எழுதிவிட்டார்.

இந்தப் பட்டியல்களில் எனக்குப் பிடித்தது, எந்த வகையும் தவறு என்று இவர்கள் சொல்லாததுதான். சண்டை கேட்கிற பையன் முரடன் அல்ல. விதி கேட்கிற ஆசிரியர் தொல்லை அல்ல. அவரவர் வந்த காரணம் வேறு. அவ்வளவுதான்.

கூத்தில் இருக்கும் விடை

அப்படியானால் ஐந்து பேரையும் ஒரே கதையில் எப்படி உட்கார வைப்பது? விடை நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. 1990ல் தொடங்கப்பட்டது. கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலின் பெயரோடு சேர்த்துப் பலர் அறிந்திருப்பீர்கள். அந்தக் கலையை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கூத்து பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே விருப்பத்தோடா வருகிறார்கள்? பாட்டுக்காகக் கிழவர் வருவார். சண்டைக்காகச் சிறுவன் வருவான். அழுவதற்காகவே ஒரு அம்மா வருவார். சிரிக்க ஒரு கூட்டம் வரும். கூத்து எல்லோருக்கும் நடுவாக ஒரே ருசியைக் கலந்து கொடுப்பதில்லை. கர்ணன் கலங்குவது ஒரு நேரம், அடவு ஒரு நேரம், கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பது ஒரு நேரம். தன் முறை வரும் என்று தெரிவதால் சிறுவன் தூங்காமல் காத்திருக்கிறான். காத்திருக்கும்போது பாட்டும் அவன் காதில் விழுகிறது.

நான் இதைத்தான் மேஜையில் செய்தேன். ஒரு ஞாயிறில் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பங்கு. சண்டை உண்டு, ஆனால் மண்டபத்துக் கதவைத் திறந்தால்தான் எதிரி வருவான். கதவு திறக்க அரசவையில் யாராவது பேசி அனுமதி வாங்க வேண்டும். ஒருவர் பங்கு முடிகிற இடத்தில் அடுத்தவர் பங்கு தொடங்கும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் கலந்து ஒரே நிறமாக்கி யாரும் நெய்வதில்லை. தனித்தனி நாடாவில் ஓட்டி, சேரும் இடத்தில் பிணைக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் நெசவாளர்தான்.

நான்கு வாரம் ஆட்டம் பிரமாதமாக நடந்தது. பிறகுதான் பெரிய தவறைச் செய்தேன்.

காலி நாற்காலி

நெசவாளருக்கு இத்தனை நாள் வாய்ப்புக் கொடுக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சி எனக்கு. அவருக்காகவே ஒரு காட்சி எழுதினேன். கதையில் வரும் ஏழை நெசவாளியின் வீட்டுக்குக் கடன் கொடுத்தவன் வருகிறான். கையில் பத்திரம். தறியைக் கழற்றிக்கொண்டு போகப் போகிறான். நெசவாளிக்காக நீங்கள் பேசுங்கள் என்றேன்.

பேசினார். எழுந்து நின்று ஐந்து நிமிடம் பேசினார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா மகன்கூட சண்டை கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினோம். இரண்டு வருடத்தில் எங்கள் மேஜையில் நடந்த மிகச் சிறந்த காட்சி அது என்று ஃபைலில் டைப் செய்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால் "ஆர்டர் இருக்குண்ணே" என்றார்.

மூன்றாவது வாரம் வீட்டுக்குப் போனேன். தறிக்குழியில் கால் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார். பாவு ஏற்றியிருந்தது, ஆனால் அவர் நெய்துகொண்டிருக்கவில்லை. காபி வந்தது. கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். பிறகு அவரே சொன்னார்.

"அண்ணே, அந்தப் பத்திரம் எங்க வீட்லயும் இருக்கு. அப்பா கையெழுத்து. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் அத மறக்கத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன்."

நான் என்ன சொல்வது? நல்ல எண்ணத்தோடு செய்தேன் என்று சொல்லலாம். அது அவருக்கு எதற்கு உதவும்?

அன்றுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. மேஜையில் வரும் மோதல் இரண்டு வகை. ஒன்று ருசி பற்றியது. ஒருவருக்குச் சண்டை, ஒருவருக்குப் புதிர். இதில் முறை வைக்கலாம், பங்கு போடலாம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாம். இன்னொன்று வலி பற்றியது. அதில் பங்கு கிடையாது, பெரும்பான்மை கிடையாது, "கதைதானே" என்ற சமாதானமும் கிடையாது. நான்கு பேர் ரசித்தாலும் ஒருவருக்குப் புண்ணில் கை படுகிறது என்றால் அந்தக் காட்சி வேண்டாம். நான் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிட்டேன். நன்றாக நடித்தார், ஆகவே பிடித்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

கம்ப்யூட்டர் எங்கே உதவும்?

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஆட்டம் தொடங்கும் முன்பே. வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். செஷன் ஜீரோ என்று பெயர். அன்று பகடை உருட்டுவதில்லை, பேச்சு மட்டும்தான். ஆனால் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. ஆசிரியர் உட்கார்ந்திருக்கும்போது, "சார் விதி பேசினா போர் அடிக்குது" என்று எந்தப் பிள்ளை சொல்லும்? பெரியவர் முன்னால் மனதில் இருப்பது வாய்க்கு வராது. இங்கேதான் உங்கள் புதிய கம்ப்யூட்டர் கை கொடுக்கிறது. நான் செய்ததைச் சொல்கிறேன்.

1. ஒருவருக்கு ஒரு ஃபைல். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் டைப் செய்யச் சொல்லுங்கள். இங்கே எதற்காக வருகிறீர்கள்? எது நடந்தால் வீட்டுக்குச் சந்தோஷமாகப் போவீர்கள்? எது கதையில் வரவே கூடாது? மூன்றாவது கேள்விக்குக் காரணம் எழுத வேண்டியதில்லை என்று முன்பே சொல்லிவிடுங்கள். தமிழில் டைப் செய்யத் தெரியாதவர் மொபைலில் பேசி எழுத்தாக்கி அனுப்பலாம். இந்த ஃபைல்களைக் கதை நடத்துபவர் மட்டும் படிக்க வேண்டும். ஐந்து பேர் புழங்கும் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு இல்லாமல் வைக்காதீர்கள்.

2. ஒரு ஒர்க்ஷீட். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸை இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். வரிசையில் தேதி, பத்தியில் ஆட்டக்காரர். அன்று யாருக்கு அவர் கேட்டது கிடைத்ததோ அந்தக் கட்டத்தில் 1 போடுங்கள். மாதக் கடைசியில் கூட்டுங்கள். யாருக்குக் குறைந்திருக்கிறதோ அவருக்கு அடுத்த வாரம் முதல் காட்சி. நம் மனதை நம்பாதீர்கள். சத்தம் போடுகிறவரைத்தான் அது ஞாபகம் வைத்திருக்கும்.

3. விதிச் சந்தேகத்துக்கு இரண்டு நிமிடம். பிடிஎஃப் ஃபைலில் கன்ட்ரோல் விசையோடு எஃப் விசையை அழுத்தினால் தேடும் பெட்டி வரும். இரண்டு நிமிடத்தில் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் கதை நடத்துபவர் ஒரு முடிவு சொல்லி நகர வேண்டும். சரியான விடையை ஆசிரியர் வாரநாளில் தேடி ஃபைலில் எழுதி வைப்பார். எங்கள் சாருக்கு இந்த வேலை மிகவும் பிடித்துவிட்டது.

4. ஒரு அட்டை. இதற்கு கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு அட்டையில் பெருக்கல் குறி போட்டு மேஜை நடுவில் வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்ற அமெரிக்கர் இதற்கு எக்ஸ் கார்டு என்று பெயர் வைத்தார். கதை போகிற வழி தாங்கவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் அட்டையைத் தொடலாம். தொட்டவுடன் அந்தக் காட்சி நிற்கும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

ஃபைல்களைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். ஆசிரியர் விதியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. "மகன் வெளிநாடு போன பிறகு ஞாயிறு மாலை வீடு அமைதியாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். விதி பேசினால்தான் தான் அங்கே பயன்படுவதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. இது தெரிந்த பிறகு அந்த இருபது நிமிடம் எனக்கு எரிச்சல் தரவில்லை.

ஆட்சேபணைகள்

ஒத்த ருசி உள்ளவர்களைத் தேடிச் சேர்ந்துகொள்ளலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடிந்தவர்கள் செய்யட்டும். இன்டர்நெட்டில் ரோல்20 போன்ற தளங்கள் 2012 முதலே இருக்கின்றன. முகம் தெரியாதவர்களோடு உங்கள் ருசிக்கேற்ற மேஜையில் உட்காரலாம். ஆனால் செவிலிமேட்டில் எனக்குக் கிடைத்தது இந்த ஐந்து பேர்தான். தவிர, பதினேழு வயதுப் பையனும் அறுபது கடந்த ஆசிரியரும் வேறு எந்த மேஜையில் ஒன்றாக உட்காருவார்கள்?

கதை நடத்துபவர்தான் முடிவெடுக்க வேண்டும், எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் கதை எப்படி நகரும் என்பது இன்னொரு கேள்வி. ஆட்டத்தின் நடுவில் நான்தான் முடிவெடுக்கிறேன். கேட்பது அதற்கு முன்பு. முன்பே கேட்டு வைத்தவருக்கு நடுவில் முடிவெடுப்பது சுலபம்.

எல்லா மோதலும் தீரும் என்றும் சொல்ல மாட்டேன். ஆறாவதாக ஒருவர் எங்களோடு சில மாதம் ஆடினார். அவருக்கு வேண்டியது ரம்மி. கதை பேசினாலே தூக்கம் வந்தது. ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே பேசிப் பிரிந்தோம். இன்றும் என் கடைக்கு வருகிறார். பிடிக்காத ஆட்டத்தில் ஒருவரைப் பிடித்து வைப்பது நட்பு ஆகாது.

நெசவாளர் ஒரு மாதம் கழித்து வந்தார். அட்டையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இதுவரை அதைத் தொட்டது ஒரே ஒருவர், அதுவும் என் மனைவி. "எதுவானாலும் சரி" என்றவளுக்கும் வேண்டாதது ஒன்று இருந்திருக்கிறது. எது என்று நான் கேட்கவில்லை, அதுதான் விதி. கடன் பத்திரம் எங்கள் கதையில் அதற்குப் பிறகு வந்ததே இல்லை. கதை அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

உங்கள் வீட்டுக்கு இந்த விளையாட்டு வராமலே போகலாம். பரவாயில்லை. புதிய கம்ப்யூட்டரில் எந்த கேமைப் போடுவது என்று சண்டை வந்தால், உடனே ஓட்டெடுக்காதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, எது வேண்டும், எது வேண்டவே வேண்டாம் என்ற இரண்டையும் கேளுங்கள். முதல் கேள்வியை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவதைக் கேட்க மறந்துதான் நான் ஒரு மாதம் ஒரு காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.